பை அக்கா போட்ட எட்டு டிக்

சின்ன மணியின் நாக்கைச் சத்தம் வராமல் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில் முழங்காலாலேயே நகர்ந்து, குழந்தையின் முதுகுப்புறம் போய்ச் சேருகிறார் பை அக்கா. குழந்தையைத் தன் முகம் பார்க்க மடியில் வைத்திருக்கும் தாய், பரீட்சை எழுதுவது தான்தான் என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மணியையே பார்க்கிறாள். மணி ஒலிக்கிறது. குழந்தை வெடுக்கென்று திரும்பிச் சிரிக்கிறது. "பார்த்தீங்களா, கேட்டுடுச்சு என் ராசாவுக்கு!" என்று அக்கா வளர்ச்சிப் பாரத்தில் ஒரு டிக் போடுகிறார். காது என்ற வரியில் அவர் போடும் டிக் மட்டும் மற்ற டிக்குகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

வீடு வீடாகப் போய், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்ப்பதும், பெற்றவர்களுக்குக் கைகொடுப்பதும் அவர் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை, வீட்டுக்கு ஒரு மணி நேரம், மொத்தம் இருபத்தாறு வீடுகள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தோளில் தொங்கும் பச்சைப் பையைக் கண்டதும் பிள்ளைகள் தவழ்ந்து வருவதால் அவர் பை அக்கா. உள்ளே கிலுகிலுப்பை, சிவப்பு நூல்பந்து, மரக்கட்டைகள், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, அந்த மணி. இவ்வளவுதான் சொத்து.

நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். "மேல உக்காந்தா நான் ஆபீஸர் ஆயிடுவேன். கீழ உக்காந்தாதான் உங்க வீட்டு ஆளு" என்பார். முதலில் குழந்தையிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் பெரியவர்களிடம் பேச்சு. அடுத்த கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றே: "இன்னைக்கு இவன்கிட்ட என்ன பேசுனீங்க?" ஒன்றும் பேசவில்லை என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. வெங்காயம் உரித்தால் உரிப்பதைச் சொல்ல வேண்டும், துணி மடித்தால் மடிப்பதைச் சொல்ல வேண்டும். "மூஞ்சிக்கு நேரா பார்த்துப் பேசுங்கம்மா, சுவத்தைப் பார்த்துப் பேசாதீங்க" என்பது அவருடைய தாரக மந்திரம்.

குறையோடு பிறக்கும் பிள்ளையை முதல் பிறந்த நாளுக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதில் அவருக்கு வெறியே உண்டு. அதற்குள் பிடித்தால் எவ்வளவோ செய்யலாம், விட்டுவிட்டால் பிறகு மலையைப் புரட்டுகிற பாடு. நிற்காத தலை ஒன்றை மூன்றாம் மாதமே கண்டு சொன்னவர் அவர். பூ விழுந்த கண் ஒன்றை எந்த டாக்டருக்கும் முன்னால் பார்த்தவர். "பத்தொன்பது வருஷம். ஒண்ணைக்கூட நான் கோட்டை விட்டதில்ல" என்று அவர் சொல்லும்போது அதில் கொஞ்சம் தற்பெருமை இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தையல்காரப் பெண்ணின் வீடு அவருக்குச் செல்லம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற தாய். தைத்துக்கொண்டே பிள்ளையோடு ஓயாமல் பேசுவாள். தகப்பன் பஸ் கண்டக்டர். என்ன பேசுவது என்று விழித்தவரிடம், "தெரிஞ்சதைப் பேசுங்க" என்று அக்கா சொல்லி வைக்க, அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "மார்க்கெட்டெல்லாம் முன்னாடி வா, படியில நிக்காத, உள்ள போ உள்ள போ" என்று அறை முழுக்க நடக்க ஆரம்பித்தார். பிள்ளை அவர் வாயையே பார்த்துப் பொக்கைவாயால் சிரித்தது. தையல் மெஷின் தடதடவென்று ஓடும்போதும் அடித்துப் போட்டதுபோல் தூங்கும் பிள்ளை. "எவ்ளோ சத்தம்னாலும் எழுந்துக்க மாட்டான், தங்கமான பிள்ளை" என்று தாய் மெச்சினாள். "உனக்கு வரம்மா இது" என்று அக்காவும் சேர்ந்து மெச்சினார். மூன்றாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரை, காது வரியில் எட்டு டிக்.

ஒன்பதாவது தடவை போனபோது தூறல் போட்டது. காயப்போட்ட துணியை எடுக்கத் தாய் மொட்டை மாடிக்கு ஓடினாள். பிள்ளை சமையல்மேடைக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்து, மரக்கட்டையை டம்ளருக்குள் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து பாரத்தில் தேதி எழுதினார். அந்த நேரம் பார்த்து, சுவரில் அடித்திருந்த தட்டு ஸ்டாண்டின் ஆணி பிடுங்கிக்கொண்டது. தட்டும் குண்டானும் கரண்டியும் மொத்தமாகச் சரிந்து தரையில் விழுந்தன. அக்கா "ஐயோ!" என்று கத்திக்கொண்டு துள்ளி எழுந்தார். பக்கத்து வீட்டில் யாரோ, "என்னது, என்னது?" என்று கூவினார்கள். ஒரு மூடி மட்டும் அடங்காமல் சுற்றிச் சுற்றிக் கடைசியில் விழுந்தது.

பிள்ளை கட்டையை டம்ளருக்குள் போட்டது. எடுத்தது. மறுபடியும் போட்டது.

அக்கா பிள்ளையையே பார்த்தார். திடுக்கிடவும் இல்லை, திரும்பவும் இல்லை, கண்கூடச் சிமிட்டவில்லை. எங்கேயோ கவனமாக இருக்கிறான் என்று ஒரு கணம் தன்னையே ஏமாற்றிப் பார்த்தார். பிறகு மணியை எடுத்து முதுகுப்புறம் போய் ஆட்டினார். காதுக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, கை வலிக்க வலிக்க ஆட்டினார். மணியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். பிள்ளை டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மணியை மறுபடி எடுத்தார்.

தாய் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பிள்ளைக்கு நேர் எதிரே வாசலில் நின்று, "என்னக்கா ஆச்சு? அவனுக்கு அடி படலையே?" என்று கேட்டாள். பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் கண், பிள்ளைக்குப் பின்னால் அக்கா கையில் ஆடிக்கொண்டிருந்த மணிக்குப் போனது. பிள்ளையின் கண்ணும் அந்தக் கண்ணைத் தொடர்ந்து, தலை வெடுக்கென்று திரும்பி, மணியைப் பார்த்தது. எப்போதும்போல அழகான சிரிப்பு.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதமும் பிள்ளை மணியைக் கேட்டுத் திரும்பவில்லை. அம்மாவின் முகத்தைப் படித்துத் திரும்பியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அக்காவின் நிழல் ஆடும்போது திரும்பியிருக்கிறது. முகத்துக்கு நேரே பார்த்துப் பேசு என்று அந்தத் தாயைப் பழக்கியது யார்? அந்த முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தால்கூடப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் பிள்ளை தேறியிருந்தது. அதைத்தான் அவர் காது என்று எழுதி வைத்தார்.

வேறொருவராக இருந்தால் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவியிருக்கலாம். அக்காவுக்கு நழுவத் தெரியாது. "இவனுக்குக் காது கேக்கலைம்மா" என்றார், மொட்டையாக.

தையல்காரப் பெண் சிரித்தாள். "என்னக்கா விளையாடுறீங்க? இப்பதானே திரும்பினான்?"

"உன்னைப் பார்த்துத் திரும்பினான். சுவத்தைப் பார்த்து நில்லும்மா, நான் காட்டுறேன்."

அவள் சுவரைப் பார்த்து நின்றாள். ஓரமாகக் கண்ணை மட்டும் திருப்பிப் பிள்ளையைக் கவனித்தாள். அக்கா ஆட்டினார். அறை முழுக்க மணிச் சத்தம். பிள்ளை கட்டையை டம்ளருக்குள் போட்டது. அவள் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"பொறந்தப்போ ஆஸ்பத்திரியில காது பார்க்குற மெஷின் ரிப்பேர்னு மறுபடி வரச் சொன்னாங்க" என்றாள் மெதுவாக. "போகணுமாக்கான்னு உங்ககிட்டதான் கேட்டேன். எதுக்கும்மா கைக்குழந்தையோட அலையுறே, நல்லாத்தான் திரும்புறான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

"அப்போ நான் பேசுனதெல்லாம்? தைக்கும்போது பாடுனதெல்லாம்? ஒண்ணுகூட... ஒண்ணுகூடவா அக்கா கேக்கல?"

எந்தத் தாய்க்கும் சொல்ல ஏதாவது ஒன்று கைவசம் வைத்திருப்பவர் அக்கா. அன்று கீழே கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் சீருடையிலேயே வந்திருந்தார். தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார். ரெண்டு காதும்தான் என்றார் காது டாக்டர். நாலு வாரம் கழித்து வந்து காதில் மெஷின் மாட்டிக்கொள்ள வேண்டும், விடாமல் பயிற்சி கொடுத்தால் பேச்சு வரும். "ஆறு மாசத்துலயே வந்திருந்தா இன்னும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இதுவரைக்கும் யாரும் காதை டெஸ்ட் பண்ணலையா?"

"நான் பண்ணேன் சார்" என்றார் அக்கா, ஓரத்திலிருந்து. "எட்டு தடவை."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா எதிர்லயா?"

"அம்மா மடியில, அம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டு."

அவர் குனிந்து சீட்டு எழுதத் தொடங்கினார். திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

வெளியே பெஞ்சில் தையல்காரப் பெண் அக்காவுக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள். நேற்றுவரை தோளோடு தோள் உரசி உட்காருகிறவள். தன்னை இனி வாசலோடு நிறுத்திவிடுவாள் என்றே அக்கா நினைத்தார், அது நியாயம் என்றும் நினைத்தார். பஸ் வந்ததும் அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். "நீங்க வரணும். என் பிள்ளை பேசுற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கணும். உங்களை விட மாட்டேன் நான்" என்றாள். மன்னித்தாளா, திட்டினாளா என்று அக்காவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பஸ் போனபிறகுதான் அடுத்த இடி விழுந்தது. இந்த ஒரு பிள்ளையா? மற்ற இருபத்தைந்து வீட்டிலும் அதே மணி, அதே மடி, மணியையே பார்க்கும் அதே தாய்மார்கள். மூன்று வயது தாண்டி அவர் கையை விட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? பத்தொன்பது வருஷம் கோட்டை விட்டதில்லை என்று யாரைக் கேட்டு மார்தட்டினார்? நடந்ததை எல்லாம் ஆபீஸில் எழுதிக் கொடுத்தார். எல்லா வீடுகளையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். மேலதிகாரி, அடுத்த மாதம் முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தவள் ஏழு மாதப் பெண் குழந்தையின் தாய், பள்ளிக்கூடத்து டீச்சர், விடுப்பில் இருப்பவள். பிள்ளை உள்ளே பாயில், கணவரின் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. "வாங்கக்கா, போன வாரம்தானே வந்தீங்க? இவளும் நல்லா விளையாடுறா, நல்லாக் கேக்குறா, நீங்களே டிக் போட்டீங்களே" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். அக்கா வழக்கம்போலப் பிள்ளையிடம் நலம் விசாரிக்கவில்லை. கீழே உட்காரவும் இல்லை. "சார், நீங்க கண்ணை மூடிக்கோங்க" என்று கணவரிடம் சொன்னார்.

"என்னக்கா இது, கண்ணாமூச்சியா?" என்று டீச்சர் சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் இரண்டு தோளையும் பிடித்து, சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.