மாப்பிள்ளையை நடக்க வைத்த மேப்

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கையில் மாப்பிள்ளை வேன் சானல் கரையில் சிக்கி நின்றது. சானல் என்று நாங்கள் சொல்வது பாசன வாய்க்காலை. டிரைவர் போனில் எங்கள் மேப்பைப் பார்த்து வந்திருந்தார். மேப்பில் அந்த ரோட்டைப் போட்டவன் நான்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, லாரி கிளீனர், துபாயில் கம்பி கட்டும் வேலை என்று சுற்றியவன் நான். கால் ஓரிடத்தில் நிற்காது. மேப் வேலைக்கு அது போதும். சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் ரோடு, குளம் சேர்க்கலாம், திருத்தலாம். போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டு நான் நடப்பேன். கருங்கல் ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சுகந்தி அதை மேப்பில் ஏற்றுவாள். மொத்தம் இரண்டு பேர். பேப்பரில் வந்தால் ஆள் சேரும் என்று ஐந்து பிரஸ் நோட் அனுப்பினோம். ஒன்றும் வரவில்லை. அந்த மாதத்தோடு விட்டுவிடலாம் என்றிருந்தோம்.

சானல் கரையில் நான் சைக்கிளில் போயிருக்கிறேன். அதனால் ரோடு என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் தெரிந்து நானும் சுகந்தியும் ஓடினோம். மாப்பிள்ளை பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்து முன்னால் நடந்தார். பின்னால் தாம்பாளங்களோடு பெண்கள் ஒற்றை வரிசையில். மேளக்காரர் விடாமல் வாசித்துக்கொண்டே போனார்.

"எவம்லே இதுல ரோடு போட்டது?" என்று டிரைவர் கத்தினார்.

யாரோ வீடியோ அனுப்ப, ஐந்து நோட்டுக்கும் அசையாத நிருபர் பைக்கில் பறந்து வந்து, ரோட்டைப் போட்டது யார் என்று கேட்டார்.

"அண்ணா, மிண்டாதீங்க, பேசாம நில்லுங்க," என்று சுகந்தி என் காதில் சொன்னாள்.

"நான்தான் சார்," என்றேன். அவர் முன்னாலேயே போனில் ரோட்டை அழித்து நடைபாதையாக மாற்றினேன்.

"இவ்வளவுதானா? யாரும் செய்யலாமா?" போனை வாங்கித் தேடினார். "எனக்க தெருவையே காணல்லியே ஓய்."

"நீங்களே போடுங்க."

போட்டார். அதற்குள் மாப்பிள்ளை மண்டபம் சேர்ந்துவிட்டார், பத்து நிமிடம் மிச்சமிருந்தது.

மறுநாள் பேப்பரில் என் படத்தோடு செய்தி, யாரும் திருத்தலாம் என்ற வரியோடு. மானம் போயிற்று என்று சுகந்தி ஷட்டரைப் பாதிதான் திறந்தாள். பத்து மணிக்கே ஆட்கள் குனிந்து உள்ளே வந்தார்கள்.

"எங்க குளத்தக் கொண்டு தோப்புக்குள்ள போட்டிருக்கியளே மக்கா."

"எனக்க வீட்டு ரோடு எங்க?"

சண்டைக்கு வந்த ஒவ்வொருவரையும் சுகந்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தினாள். மதியத்துக்குள் நாற்காலி போதவில்லை.

நன்றாகச் செய்திருக்கிறோம் என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். ஆறாவது பிரஸ் நோட்டை நானே சொல்லி எழுதவைத்தேன்: "எங்கள் மேப்பில் தப்புகள் உண்டு. உங்கள் தெருவைப் பார்த்துவிட்டு வந்து திட்டவும்."