பழைய சர்வரிலிருந்து கிட்டுக்குக் குடிபெயர்ந்தோம்

சம்பளமில்லாத வேலைக்குத்தான் திட்டு அதிகம் விழும் என்பது, இலவச மென்பொருள் எழுதி நொந்துபோன உங்களுக்குத் தெரியாததல்ல. தமிழ்ப்பள்ளிகளுக்கான கால அட்டவணை மென்பொருள் ஒன்றை நாங்கள் நால்வர் பல வருடங்களாக எழுதுகிறோம். நிரலும், யார் எதை மாற்றினார் என்ற வரலாறும் பிரிக்ஃபீல்ட்ஸில் என் மேசைக்கடியில் ஒரே சர்வரில் இருந்தன. அது முனகத் தொடங்கியதும், எல்லார் கணினியிலும் முழுப் பிரதி இருக்கும் 'கிட்' முறைக்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த வரலாறு தொலைந்தால் யார் முகத்திலும் விழிக்க முடியாது.

ஒரே ஆள்

வரலாற்றை மாற்றிப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. முக்கால்வாசி வேலை ஒரே பெயரில் இருந்தது. செந்தூலில் இருக்கும் ஜோசப் அங்கிள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாஸ்வர்ட் மறந்த போதெல்லாம் அவருடையதைக் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறோம், நானும்தான். யார் எழுதியது எது என்று பிரித்துப் பெயர் திருத்த மூன்று வாரம் பிடித்தது.

திருத்துவதற்கு முன்பிருந்த பட்டியலைப் பார்த்த அங்கிள் கேட்டார்: "ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பகூட நான் இவ்ளோ வேல செஞ்சிருக்கேனா தம்பி?"

எடுத்துட்டேன்

பழைய முறையில் ஒரு ஃபைலைத் தொடுமுன் வாட்சப்பில் சொல்லிவிடுவோம். இனி அது வேண்டாம், அவரவர் பிரதியில் திருத்தலாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மணி நேரம் விளக்கினேன். மறுநாளே கிள்ளானிலிருந்து ஆசிரியை தேவி, "எடுத்துட்டேன், யாரும் தொடாதீங்க" என்று போட்டுவிட்டு, தைப்பூச விரதத்தில் இறங்கிவிட்டார். இரண்டு வாரம் ஒருவரும் அந்த ஃபைலைத் தொடவில்லை. நானும் தொடவில்லை என்பது உறைத்தபோது திகைத்துப்போனேன்.

தேவி சொன்னார்: "எல்லார்கிட்டயும் காப்பி இருக்குன்னு தெரியும் அண்ணே. ஆனா ஒருத்தர் எடுத்தத இன்னொருத்தர் தொட்டா மரியாத இல்ல லா."

வலுக்கட்டாயம்

என் லேப்டாப்பின் டிஸ்க் போய்விட்டது. பெயர் திருத்துவதற்கு முந்தைய பிரதி இருந்த பழைய லேப்டாப்பிலிருந்து ஒரு சின்னத் திருத்தத்தை எங்கள் பொதுப் பிரதிக்கு அனுப்பினேன். கிட் மறுத்தது. எனக்கே பாடமா என்ற எரிச்சலில், வலுக்கட்டாயமாக அனுப்பும் கட்டளையைத் தட்டினேன். உடனே போனது. "எல்லாரும் பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள்" என்று வாட்சப்பில் உத்தரவும் போட்டேன்.

அங்கிளும் தேவியும் சொன்னபடியே செய்தார்கள். பிறகுதான் பார்த்தேன்: பொதுப் பிரதியின் மேல் என் பழைய பிரதி ஏறி உட்கார்ந்திருந்தது; திருத்திய பெயர்கள் இல்லை, மறுநாள் பள்ளிகளுக்குப் போகவேண்டிய தேவியின் திருத்தமும் இல்லை. நால்வரில் மிச்சமிருந்தவர் ரஹ்மான், தமிழ்நாட்டிலிருந்து வந்து ஸ்ரீ கெம்பாங்கானில் வேலை பார்ப்பவர். அவரிடம் எல்லாம் அப்படியே இருந்தது.

அவர் தயங்கிச் சொன்னார்: "மன்னிச்சிருங்கண்ணே, உங்க மெசேஜ எல்லாம் நான் படிக்கிறதே இல்ல."

எல்லாரிடமும் முழுப் பிரதி இருக்கும் முறைக்கு மாற்றி, அதை ஒரே மாதத்தில் ஒரே ஆளிடம் கொண்டுவந்து நிறுத்திய பெருமை முழுக்க என்னையே சேரும்.