தறப்பாளை அவிழ்த்த ஞாயிறு

கலியாணத்துக்குப் பிறகு என் மாமனார் எங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்காமலே இருந்தார். யூத மதத்தில் ஊறிய மனிதர். மகள் ஒரு யாழ்ப்பாணத்தானைக் கட்டியது அவருக்குச் செரிக்கவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில், பொழுது சாய்வதற்கு முன் தவறாமல் ஃபோன் எடுப்பார். அந்த வாரத்துக்குரிய தோரா வேதப் பகுதியைப் பற்றி அப்பாவும் மகளும் பேசுவார்கள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்தபடி ஒட்டுக்கேட்பேன்.

ஒரு வெள்ளி, ஆபிரகாமைக் கடவுள் சொந்த நாட்டைவிட்டுப் புறப்படச் சொல்லும் பகுதி வந்தது. எங்கே போவது என்றுகூடச் சொல்லவில்லையாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. அவருக்கு என்ன விசா கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டேன். படகில் வந்து, பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் இழுபட்டவனுக்கு வேறென்ன கேள்வி வரும்! ஸ்பீக்கரில் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பின் வாராவாரம் என் அபிப்பிராயத்தையும் கேட்கத் தொடங்கினார்.

அந்தத் துணிவில்தான் மனைவி சுக்கொட் பண்டிகைக்கு அவரை அழைத்தாள். பாலைவனத்தில் அலைந்த முன்னோரை நினைத்து ஒரு வாரம் குடிலில் சாப்பிடும் பண்டிகை அது. குடில் எங்கள் பின்வளவில் இருக்கும், வீட்டுக்குள் வரத் தேவையில்லை என்றாள். கிழவர் சம்மதித்தார், மத விதிப்படி சமைத்த தன் சூப்பையும் கிண்ணத்தையும் தானே கொண்டுவருவதாக. நல்ல வீட்டை வைத்துக்கொண்டு கொட்டிலில் இருப்பதற்கு ஒரு பண்டிகையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அகதி முகாமில் நாங்கள் அதை வருடம் முழுக்கக் கொண்டாடினோமே!

ஞாயிறு அவள் அப்பாவைக் கூட்டிவரப் போன நேரம் வானம் கறுத்தது. கூரைக்குக் கிளைகள் கொண்டுவந்த, நோபல் பார்க் பகுதியில் இருக்கும் என் முகாம் நண்பன் அண்ணாந்து பார்த்தான்.

"மச்சான், இது தாங்காது. மேல ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டுவம்."

"ஓம், கட்டு."

தறப்பாள் கட்டுவதில், முகாமில் அந்தப் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழேயே வாழ்ந்த எங்களை யார் வெல்லமுடியும்? ஒரு சொட்டு ஒழுகாது. நண்பனும் திருப்தியோடு போய்விட்டான்.

மாமனார் வந்து, மேலே பார்த்து, வெளியிலேயே நின்றார். கூரை கிளையாக மட்டும்தான் இருக்கவேண்டும், அதனூடே வானம் தெரியவேண்டும், இதற்குள் இருந்தால் கணக்கில் சேராது என்றார். மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்டேன். பெய்யட்டும் என்றார். மனைவியின் முகம் செத்துப்போயிற்று. நான் ஏணியில் ஏறி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன்.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்து சூப்பை ஊற்றினார். முதல் கரண்டி வாய்க்குப் போகவில்லை, கொட்டியது மழை. எல்லாம் பாழ், இனி மனுஷன் வீட்டுக்குப் போய்விடுவார் என்று எனக்கு அழுகையே வந்தது. அவரோ கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். சூப் பழுதாகிற அளவுக்கு மழை பெய்தால் வீட்டுக்குள் போய்ச் சாப்பிடலாம், சட்டம் அப்படி என்றபடி நேரே எங்கள் குசினிக்குள் நடந்தார்.

மனைவி ஒரு துவாயை எடுத்து அப்பாவின் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றாள்.

மெல்பேர்ன் மழைதானே, கொஞ்ச நேரத்தில் பளீரென்று வெயில் எறித்தது. புத்தி கெட்ட நான், திரும்ப வெளியே போவோமா என்று கேட்டேன். மேசைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள்.

கிழவர் நிமிரக்கூட இல்லை. உள்ளே சாப்பிடத் தொடங்கியவன் முடிக்கும்வரை எழும்பத் தேவையில்லை, அதுவும் சட்டம்தான் என்றார். பிறகு காலிக் கிண்ணத்தை மகளிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.