தரை ஆர்க்கிட்டும் மரம் நட வந்தவர்களும்

தாம்பரம் பக்கத்துப் புதர்க்காட்டை மனை போடுகிறவர்கள் மட்டும் அழிக்கவில்லை. மரம் நடுகிறவர்களும் அழிக்கிறார்கள்.

தரையில் வளரும் ஆர்க்கிட் பார்க்கக் கொடைக்கானல் போகத் தேவையில்லை. அக்டோபரில் இரண்டு மழை விழுந்ததும் நானும் கல்லூரித் தோழி செல்வியும் படப்பைக்குக் கிளம்பினோம். தாம்பரத்திலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய். கேமரா எதற்கென்று ஆட்டோ அண்ணன் கேட்டார். பூவைப் படமெடுக்க என்றோம். "பூவுக்கா இம்மாந்தூரம்? மார்க்கெட்டாண்ட கூட கூடயா கீதே" என்று சிரித்தார்.

இடத்தைச் சொல்ல மாட்டேன். தொட்டியில் வைக்கத் தோண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எப்படித் தேடுவதென்று சொல்கிறேன். களாச்செடி மண்டிய சரளை மேடு, தண்ணீர் தேங்காத பாறை ஓரம். இரண்டு மூன்று இலைகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். நடுவில் ஒரே தண்டு, அதில் வெள்ளைப் பூக்கள். பூவைப் பக்கவாட்டில் பாருங்கள்: பின்னால் நூல் போல ஒரு குழல் தொங்கினால் சந்தேகமே வேண்டாம். கோடையில் இலைகூட இருக்காது. கிழங்கு மண்ணுக்குள் தூங்கும்.

ஒரு பாறைக்கு மேற்கே கூட்டமாகப் பூத்திருந்தன. அவற்றின் நடுவே சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகக் குறி. கிழக்கே புல்லைச் செதுக்கிக் குழியே வெட்டிவிட்டார்கள். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள். கோடையில் வந்து 'காலி இடம்' என்று முடிவுகட்டி, கன்று நட மழைக்காகக் காத்திருந்தார்களாம். அதாவது ஆர்க்கிட் விழித்துக்கொள்ளும் நேரம் பார்த்துக் கடப்பாறை வருகிறது.

அங்கே நின்றிருந்த அவர்களுடைய ஒருங்கிணைப்பாளரை அழைத்துப் பூவைக் காட்டினோம். குனியக்கூட இல்லை. "ப்ரோ, நாங்களும் நேச்சருக்குத்தான் பண்றோம். இது வெறும் புல்லு."

"புல்லுல இந்த மாதிரி பூ எங்க சார் பாத்தீங்க? உங்க பால்கனியிலயா?" என்றாள் செல்வி.

மேற்குப் பக்கம் அடுத்த ஞாயிறு வெட்டுவார்களாம். கன்றுகளைச் சாலையோரம் வையுங்கள், குழியை நாங்களே வெட்டித் தருகிறோம் என்றோம். யோசிக்கலாம் என்றவர் குரூப் போட்டோவுக்குப் போய்விட்டார்.

நீங்கள் போவதென்றால் மழை விட்ட மறுநாள் காலையில் போங்கள். கால் வைக்குமுன் தரையைப் பாருங்கள். படம் எடுங்கள், பறிக்காதீர்கள். நிழல் தராத நிலமெல்லாம் காலி இடம் என்றால் ஏரியும் காலி இடம்தான்; அதில் வீடு கட்டி, வெள்ளத்தில் நின்றதையும் பார்த்தாயிற்று.

ஒருங்கிணைப்பாளர் சார், என் போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். இங்கேயே கேட்கிறேன். பாறைக்கு மேற்கே கடப்பாறை இறங்காது என்று ஒரு வரி சொல்லுங்கள். இன்று சனிக்கிழமை, சாயங்காலம் ஆகிவிட்டது.