மூன்று பாவமும் ஒரு குழாயும்

நாங்கள் திருநீறு பூசும் குடும்பம். ஆனால் நான் ஆறு வருஷம் தஞ்சாவூரில் பாதிரியார்கள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவன். அதனால் எங்கள் ஊரில் கிறிஸ்தவ இறையியலுக்கு நான்தான் அத்தாரிட்டி. கேட்க வேறு ஆள் கிடையாது.

மச்சான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், ஊராட்சித் தலைவர். தேர்தல் நெருங்க நெருங்க மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்கால் முடியும் கடைமடைத் தெருவில் ஒருவர்கூட அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் போய்ச் சேராமல் அங்கே இரண்டு போகமாகப் பயிர் கருகியிருந்தது.

"வெளிநாட்டுத் தலைவருங்களப் பாருங்க மச்சான். மேடையில நின்னு, தப்புப் பண்ணிட்டேன்னு கண்ணு கலங்குறாங்க. ஜனம் மறுபடி ஓட்டுப் போடுது. சர்ச்சுல பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குற வழக்கம்தான் மேடைக்கு வந்திருக்கு" என்றேன்.

மச்சான் பிடித்துக்கொண்டார். கிராம சபையில் ஒப்புக்கொள்ள மூன்று பாவங்களை நானே பொறுக்கி எழுதிக் கொடுத்தேன்: எரியாத தெருவிளக்கு, பூட்டிக் கிடந்த நூலகம், கொடியேற்றத் தாமதமாக வந்தது. எல்லாம் வலிக்காத பாவங்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "செஞ்ச தப்பு மட்டுமில்ல மச்சான், பாத்துட்டுச் சும்மா இருந்ததும் பாவந்தான்" என்று விடுதியில் படித்ததையும் ஓதிவைத்தேன்.

சபையில் மூன்றும் அருமையாகப் போயின. சிலர் கைகூடத் தட்டினார்கள். அப்போது கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் ஒரு அம்மா எழுந்தார்.

"எல்லாம் சரிங்க. எங்க தண்ணி எங்க போச்சுங்க?"

மச்சான் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"நாலாவதா ஒண்ணு இருக்கும்மா. வாய்க்கா கரையக் குடைஞ்சு, இந்தா நிக்கிறானே என் மாப்ள, இவன் தன் வயலுக்குக் குழா பதிச்சிருக்கான். தெரிஞ்சும் நான் சும்மா இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, ஓதிவைத்த என் வாய் மேல் பாதி.

கூட்டம் மொத்தமும் வாய்க்காலுக்கு நடந்தது. யாரோ என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். முழங்கால் சேற்றில் நின்று தோண்டிக் குழாயைப் பிடுங்கிக் கரையில் போட்டேன். அந்தத் தேர்தலில் கடைமடை ஓட்டெல்லாம் மச்சானுக்கே விழுந்தது, அது பிற்பாடு. அன்றைக்கு அந்த அம்மா மட்டும் கரையை விட்டு நகரவில்லை.

"அவரு ஒத்துக்கிட்டாருங்க. நீங்க இன்னும் ஒரு வார்த்தை சொல்லலியே."

ஊருக்கே மன்னிப்பு எழுதிக் கொடுத்தவன் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். குழாயிலிருந்து சேறு வழிந்துகொண்டிருந்தது.

"தப்புதாம்மா" என்றேன்.