பினாங்கில் எடுத்த திருவிருந்து

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு மலேசியாவில் ஜுரு என்ற ஊரிலுள்ள மகன் வீட்டிலிருந்து கிளம்பினேன். அவனுக்குத் தொழிற்சாலையில் வேலை நாள். பட்டர்வொர்த் படகுத்துறைவரை வாடகைக் காருக்கு இருபத்திரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். ஓட்டுநர் தமிழர். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும், "தனியாவா ஐயா போறீங்க? ஃபெர்ரியில பாத்து ஏறுங்க லா" என்றார். மடியில் ஆடிக்கொண்டிருந்த என் வலது கையைக் கவனித்திருக்க வேண்டும்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. போன வருடம் எங்கள் ஊர்க் கோயிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்கும்போது கை நடுங்கிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த பெண்ணின் வெள்ளைச் சேலையெல்லாம் திராட்சரசம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் நான் பீடத்தருகே போகவேயில்லை. மூட்டுவலி என்று சொல்லி இருக்கையிலேயே இருந்துகொள்வேன். ஜெபமும் குறைந்துபோயிற்று. நாற்பது வருடம் கோயில் வேலைக்கு ஓடியவனுக்கு இதுதானா என்று உள்ளே ஒரு கோபம்.

எட்டே கால் மணிப் படகு. கட்டணம் இரண்டு வெள்ளி. கால் மணி நேரத்துக்குள் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் வந்துவிட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைக் கடந்து, பெரியப்பா மகள் எஸ்தர் அக்காவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். இருபது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தவள், இப்போது எழுபத்தெட்டு. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. பட்டுச்சேலையில், சக்கர நாற்காலியில் தயாராக இருந்தாள்.

"லேட்டு தம்பி. தள்ளு."

கோயில் ஐந்து நிமிட நடை. போகிற வழியில் என் கதையைச் சொன்னேன். முகம் பார்க்காமல் சொல்வது எளிதாக இருந்தது.

"எனக்கும் கோவம்தான்," என்றாள் அக்கா. "மருமக சோறு ஊட்டுனா துப்பிடுவேன். அம்பது வருசம் எல்லாருக்கும் ஆக்கிப் போட்டவ, எனக்கு ஒருத்தி ஊட்டுறதா? ஒரு நாள் ரொம்பப் பசி. வாயைத் தொறந்தேன். ரசஞ்சோறுதான். அழுதுட்டேன் லா. தெனமும் ஆகாரம் தாரும்னு ஜெபத்துல சின்ன வயசுலேர்ந்து சொல்றேன். அன்னைக்குத்தான் நெசமா கேட்டேன்."

தமிழ் ஆராதனை ஒன்பதரைக்கு. திருவிருந்து நேரத்தில் எல்லாரும் முன்னே போனார்கள். நான் அக்காவின் அருகிலேயே இருந்தேன். இளவயதுப் போதகர் தட்டுடன் எங்களிடமே இறங்கி வந்து அக்காவுக்குக் கொடுத்தார். என்னைப் பார்த்தார். வேண்டாமென்று தலையசைத்தேன்.

"என் தம்பிக்கும் குடுங்க பாஸ்டர்," என்றாள் அக்கா.

விரலளவு கண்ணாடிக் குவளை. வாங்கினேன், உதட்டுக்கு வருமுன்னே பாதி சட்டையிலும் மீதி அக்காவின் பட்டுச்சேலையிலும் கொட்டிவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அக்கா இடக்கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல ஐயா, இன்னும் இருக்கு," என்றார் போதகர். வேறொரு குவளையை எடுத்து அவரே என் வாயருகே பிடித்தார். குடித்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு.

பிற்பகல் மூன்று மணிப் படகில் திரும்பினேன். நல்ல வெயில். எங்கள் கோயிலிலும் அன்று யாரும் என்னைத் தள்ளிவைக்கவில்லை என்பது நடுக்கடலில்தான் உறைத்தது. எங்கள் போதகர் ஐயர் இரண்டு முறை வீடுதேடி வந்தபோதும் மூட்டுவலிக் கதையைச் சொல்லி அனுப்பியவன் நான்தான். கை குணமாகவில்லை, குணமாகும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன்.

பையில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. வெளியில் சிந்திவிடும் என்று பயந்து எந்தப் பயணத்திலும் நான் தண்ணீர் குடிப்பதில்லை. பக்கத்தில் இருந்த மலாய்க்காரரிடம் பாட்டிலை நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து, நான் குடித்து முடிக்கும்வரை அடியில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டார்.