ஏலுமோ என்று கேட்கப் போனவள்

அடுத்தவருடைய துணிவை அளக்கிற வேலையைப் போல ஆளை அசடு வழிய வைக்கிற வேலை உலகத்தில் வேறில்லை. குடிசனக் கணக்கெடுத்தவர்கள், கூப்பன் பதிந்தவர்கள், படிவத்தோடு படலை படலையாக நின்று நாயிடம் கடி வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால் நான் சொல்வதை ஒப்புக்கொள்வீர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அப்போது கிளிநொச்சிப் பக்கம் மிசியாக இருந்தேன். பிரசவம் பார்ப்பதும் குழந்தைகளை நிறுப்பதும்தான் என் வேலை. எங்கள் பகுதியில் புற்றுநோய் வந்த பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். கொழும்பில் பெரிய வைத்தியம் முடிந்து வீடு திரும்பியவர்கள். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் குளிசை கொடுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும், இரத்தம் சோதிக்கப் பயண அனுமதி பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போக வேண்டும். இதையெல்லாம் தங்களால் சமாளிக்க முடியும் என்று தாய் தகப்பன் எவ்வளவு நம்புகிறார்கள்? நம்பிக்கை குறைந்த வீட்டுக்கு உதவியைக் கூட்டி அனுப்பலாம் என்று எங்கள் டொக்டர் ஒரு படிவம் தயாரித்தார். பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். படிவத்தை என் கையில் தந்தார். சைக்கிள் என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

ஆருக்கு எழுதின கடிதம்?

முதல் வீடு முரசுமோட்டையில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்கிற குடும்பம். சிவபாக்கியம் அக்காவின் எட்டு வயது மகள் வதனிக்கு இரத்தப் புற்றுநோய். வீடு பளிச்சென்று இருந்தது. கொதித்தாறிய தண்ணீர் தனிக் குடத்தில், குளிசைகள் நாள்வாரியாகச் சின்னச் சின்னப் பொட்டலங்களில். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியை வாசித்தேன். “சிகிச்சையின் பக்கவிளைவுகளை எதிர்கொள்வதில் தங்களது தன்னம்பிக்கையின் அளவு யாது?” அக்கா படிவத்தை எட்டிப் பார்த்தா. “இது ஆருக்கு எழுதின கடிதம் மிசி?” என்று கேட்டா.

படிவத்தை மடியில் போட்டுவிட்டு எங்கள் பேச்சில் கேட்டேன். பிள்ளை சத்தி எடுத்தால், முடி கொட்டினால், வாய் புண்ணாகிச் சாப்பிடாமல் கிடந்தால் உங்களாலை பாக்க ஏலுமோ? ஐந்து கட்டத்துக்கும் அந்த இடத்திலேயே பெயர் வைத்தேன். ஏலவே ஏலாது, ஏலாது, பாப்பம், ஏலும், கட்டாயம் ஏலும். அக்கா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தா. பிறகு, குற்றம் பிடிக்கிற மாதிரி இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டா: “எனக்கு ஏலாது. ஆனால் செய்யிறன்தானே. அதுக்கு எந்தக் கட்டம்?”

முழுப் புள்ளிகள்

புளியங்குளத்தில் செல்லம்மா இருந்தா. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவ. நாலு வயது மகள் பவளத்துக்குக் கண்ணில் புற்றுநோய். ஒரு கண்ணை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். செல்லம்மா பன்னிரண்டு கேள்விக்கும் யோசிக்காமல் “கட்டாயம் ஏலும்” என்றா. கடைசிக் கேள்வியை நான் வாசித்து முடிக்கவே விடவில்லை.

எனக்குச் சந்தேகம். காய்ச்சல் எத்தனை டிகிரி போனால் ஆசுபத்திரிக்கு வரவேண்டும் என்று சும்மா கேட்டேன். தெரியவில்லை. கண்குழியைக் கழுவும்போது கை கூசுமா என்று கேட்டேன். கண்ணீர் வந்துவிட்டது. தினமும் கூசுமாம், தினமும் கழுவுவாவாம். பிறகு ஏன் எல்லாவற்றுக்கும் ஐந்து போடச் சொன்னீர்கள் என்று கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னா: “கொறைச்சு சொன்னா பேர வெட்டிருவீங்கன்னு நெனச்சேன் மிசியம்மா. எங்க பேர எத்தன லிஸ்டுல வெட்டியிருக்காங்க தெரியுமா?”

ஒன்று

அக்கராயனில் தம்பிராசா அண்ணை இதற்கு நேர்மாறு. மனைவி இல்லை. வயலையும், சிறுநீரகத்தில் கட்டி வந்த ஐந்து வயது மகள் சுகந்தியையும் தனியாகப் பார்த்தார். கூடமாட ஒத்தாசைக்கு அவருடைய தமக்கை. நான் எதைக் கேட்டாலும் “ஒண்டு போடுங்கோ” என்றார். ஏலவே ஏலாது. காய்ச்சல் வந்தால்? ஒண்டு. பாஸ் எடுக்க? ஒண்டு. இந்த வீட்டுக்கு எவ்வளவு உதவி அனுப்பினாலும் போதாது என்று நான் ஓரத்தில் குறித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளேயிருந்து தமக்கை கூப்பிட்டா. “தம்பி, பிள்ளைக்கு உடம்பு சுடுகுது.”

மனிதர் எழும்பினார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பஞ்சு சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்த வெப்பமானியை உதறி, பிள்ளையின் கக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நூற்றியொன்று. கொப்பியில் நேரத்தோடு எழுதினார். கதவுக்குப் பின்னால் ஒரு பை தயாராகத் தொங்கியது. உடுப்பு, தண்ணீர்ப் போத்தல், கொழும்பு ஆசுபத்திரித் துண்டு எல்லாம் அதற்குள். பிள்ளையைச் சைக்கிள் பாரில் தலையணை கட்டி இருத்தி மிதித்தார். பின்னால் போன என்னால் பிடிக்க முடியவில்லை. நான் ஆசுபத்திரி மரத்தடியில் சைக்கிளைச் சாத்துவதற்குள் பிள்ளைக்கு மருந்து ஏறத் தொடங்கிவிட்டது. மூச்சு வாங்க வாங்க, “அண்ணை, காய்ச்சல் கேள்விக்கு இப்ப அஞ்சு போடட்டோ?” என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். “மாத்தாதேங்கோ மிசி. என்ரை கால் நடுங்கினது பெடலுக்குத்தான் தெரியும்.”

டொக்டரின் கோபம்

அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு படிவத்திலும் பேனையால் ஆறாவது கட்டம் கீறினேன். “ஏலாது, ஆனால் செய்வன்” என்று பெயரும் எழுதினேன். டொக்டர் கண்டுபிடித்துவிட்டார். கோபம் நியாயமானதுதான். பாதி அளந்தபின் அளவுகோலை மாற்றினால் முதலில் அளந்ததையும் பிறகு அளந்ததையும் எப்படி ஒப்பிடுவது? கடதாசிக்கே தட்டுப்பாடு, பழைய படிவங்களின் பின்பக்கத்தில்தான் அச்சடித்திருந்தோம். எல்லா வீட்டுக்கும் திரும்பவும் போய்க் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கேட்டேன். மூன்று கிழமை பிடித்தது. முதலில் ஒன்று போட்டவர்களும் ஐந்து போட்டவர்களும் பெரும்பாலும் வந்து நின்றது ஆறாவது கட்டத்தில். டொக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எழுதுவினைஞரைக் கூப்பிட்டு, ஆறு கட்டத்தோடு புது ஸ்டென்சில் வெட்டச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “எனக்குக் கீழை வேலை செய்யிற மிசி எனக்குப் படிப்பிக்கிறா. இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்.”

தனித்தனியாகக் கேட்கவும்

படிவத்தின் அடியில் ஒரு விதி இருந்தது. தாயையும் தகப்பனையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். முரசுமோட்டையில் சிவபாக்கியம் அக்காவைக் குசினியில் வைத்து, “மனப்பயத்தை வீட்டு ஆக்களோடை கதைக்க ஏலுமோ?” என்று கேட்டேன். அடுப்புப் புகையைச் சாட்டி அழுவதாகச் சொன்னா. இவருக்குத் தெரிந்தால் உடைந்து போய்விடுவார், சொல்லிவிடாதேங்கோ என்றா. பிறகு வரம்பில் நின்ற அவவின் கணவர் நடராசா அண்ணையிடம் அதே கேள்வி. தண்ணீர் பார்க்கப் போகிறேன் என்று வந்து வயலுக்குள் நின்று அழுவாராம். அவவுக்குச் சொல்லிவிடாதேங்கோ, தாங்கமாட்டா என்றார்.

இரண்டு இரகசியத்தையும் வைத்துக்கொண்டு முழிசிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். வதனி வேப்பமரத்தடியில் இருந்து சோகிகளை உருட்டித் தாயம் விளையாடிக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையில் ஒரு மஞ்சள் துணி. என்னை நிமிர்ந்து பார்த்து, “அவையள் அழுததைச் சொன்னவையோ?” என்று கேட்டாள். நான் படிவத்தை மடித்து வைத்தேன். அவள் சோகியை உருட்டிக்கொண்டே சொன்னாள்: “அம்மாக்குக் குசினி இருக்கு, அப்பாக்கு வயல் இருக்கு. எனக்குத்தான் மிசி அழ இடமில்லை.”

அவரே கேட்டது

வதனி சொன்னதை அவளுடைய தாய் தகப்பனிடம் அப்படியே சொன்னேன். விதியை மீறினேன் என்று இன்றுவரை நினைக்கவில்லை. அன்று பின்னேரம் மூன்று பேரும் ஒரே பாயில் இருந்து அழுதார்களாம். பிறகு வந்த மாதங்களில் அவளுடைய இரத்தச் சோதனையும் நன்றாக வந்தது, முடியும் சுருள் சுருளாக வளர்ந்தது. ஆனால் அக்கராயனில் சுகந்திக்கு நோய் நுரையீரலில் திரும்பி வந்தது. அறுவடை முடிந்த கையோடு அவள் போய்விட்டாள்.

செத்தவீட்டுக்குப் பிறகு ஒருநாள் தம்பிராசா அண்ணையைப் பார்க்கப் போனேன். படிவத்தை வேண்டுமென்றே கொண்டு போகவில்லை. அவரே கேட்டார், எங்கே உங்கடை கேள்விகள் என்று. மனப்பாடமாகச் சொன்னேன். பன்னிரண்டுக்கும் “ஏலும்” என்று நிதானமாகப் பதில் சொன்னார். பிள்ளை இருக்கும்போது ஒன்று, இப்போது நாலா? அவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். “அப்ப ஏலுமோ எண்டு தெரியாமல் செய்தனான். இப்பதான் தெரியுது, ஒண்டும் விடாமல் செய்திருக்கிறன். அடுத்த தகப்பன் ஆரும் பயந்துகொண்டு வந்தால் என்னட்டை அனுப்புங்கோ மிசி.”

அனுப்பினேன். மூன்று பேரை.

வவுனியா வரைக்கும்

கடைசியாக ஒன்று. புளியங்குளத்தில் கிளினிக் நடந்த நாள். முல்லைத்தீவிலிருந்து ஒரு மீன்பிடிக் குடும்பத்துத் தாய் வந்திருந்தா, பெயர் மேரி. கைக்குழந்தையின் வயிற்றில் கட்டி, கொழும்புக்குக் கொண்டு போகவேண்டும். அவ முல்லைத்தீவைத் தாண்டியதே அன்றுதான். சிங்களம் ஒரு சொல் தெரியாது. நான் படிவத்தை விரித்தபோது, பவளத்தோடு வந்திருந்த செல்லம்மா பக்கத்து வாங்கிலிருந்து எழும்பி வந்து இடையில் இருந்து சிங்களம் சொல்லிக் கொடுத்தா. “உண”ன்னா காய்ச்சல், “பெஹெத்”ன்னா மருந்து, “ரிதெனவா”ன்னா வலிக்குதுன்னு அர்த்தம். மேரி திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தா. டொக்டர்மார் நிற்காமல் போய்விடுவார்களாமே, எப்படிக் கேட்பது என்றா. செல்லம்மா, வாசலில் குறுக்கே நிற்கச் சொன்னா. “நா அப்பிடித்தான் தெனமும் நின்னேன். ஏசுவாங்க. ஏசி முடிச்சிட்டு பதில் சொல்லுவாங்க.”

பவளம் தன் ஒற்றைக் கண்ணால் குழந்தையை உற்றுப் பார்த்து, அதன் காலைப் பிடித்து ஆட்டியது. குழந்தை சிரித்தது. நான் முதல் கேள்வியைக் கேட்டேன். கொழும்புக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்க உங்களாலை ஏலுமோ? மேரி என்னைப் பார்க்கவில்லை, செல்லம்மாவின் கையைப் பிடித்தா. “இந்த அக்கா வவுனியா வரைக்கும் வந்தால், அங்காலை நான் போவன்.”

இரண்டு வருசமாகப் படிவமும் பேனையுமாக வன்னி முழுக்கத் துணிவை அளந்து திரிந்ததில், போன எல்லா வீட்டிலும் அந்தத் துணிவு, கேட்கப் போனவளிடம்தான் குறைவாக இருந்தது என்ற ஒரு முடிவை மட்டும் நான் டொக்டருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.